தட்டு மாற்றும் நேரத்துக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர்

ஆகஸ்ட் 2

பரணிலிருந்து ஆம்ப்ளிஃபையரை இறக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. பிடிக்கட்டும். பக்கத்து வீட்டுக் கோட்டைச்சாமிக்கு இந்த ஆவணியில் நான் வைக்கப்போகிற வேட்டுக்கு முன்னால் இடுப்பு வலியெல்லாம் ஒரு வலியா?

தூசி தட்டி, பிளக்கைச் செருகி, பாட்டைப் போட்டேன். பாட்டு வரவில்லை. டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். வலது பக்க ஸ்பீக்கர் சுத்த ஊமை. பத்திரப் பதிவு ஆபீசில் எழுத்தராகவே காலத்தை ஓட்டியவனுக்கு இதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று எங்கே தெரியும்? மூடியைக் கழற்றிப் பார்த்தேன். சின்னதும் பெரியதுமாக உருளைகள் நிற்கின்றன. சிலவற்றின் தலை மட்டும் புடைத்திருந்தது.

மதியம் ரசம் வைத்தேன். புளி கூடிவிட்டது.

ஆகஸ்ட் 3

ஏன் இந்தப் பாடு என்று பின்னால் எனக்கே மறந்து தொலைக்கக் கூடாது. எழுதிவைக்கிறேன்.

போன தை மாதம். என் மனைவி அங்கயற்கண்ணி காலையில் காபி கேட்டாள். போட்டு எடுத்துக்கொண்டு போவதற்குள் போய்விட்டாள். என் தங்கை திலகா அப்போது இங்கேதான் தங்கியிருந்தாள். அவள் "மதினீ" என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், கோட்டைச்சாமி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றான். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம். அவன் மகனுக்கு அன்று விடியற்காலை கோயிலில் கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் பால் பழம் சாப்பிட வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணே, கும்பிட்டுக் கேக்குறேன். புதுப்பொண்ணு மொத மொதல்ல வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கப்போகுது. அவுக வந்துட்டுப் போற வரைக்கும் அழுகச் சத்தம் மட்டும் வேணாம்ணே. ஒரு மணி நேரம். அப்புறம் நானே முன்னால நின்னு எல்லாம் பாக்குறேன்."

செத்த வீட்டில் வந்து அழாதே என்றான். நான் தலையை ஆட்டினேன்.

வழியில் கார் நின்றுபோய், பொண்ணு வந்து சேர மதியம் ஆயிற்று. அதுவரை அவன் வாசலில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டு. திலகா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கட்டில் காலடியில் கிடந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து, அங்கயற்கண்ணிக்குப் போட்ட காபியில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் கலைந்ததும் வந்து, "இப்ப அழுகலாம்ணே" என்றான். அழுகை என்ன குழாய்த் தண்ணீரா, திறந்துவிட்டதும் கொட்டுவதற்கு?

இந்த ஆவணியில் அவன் மகள் ஹேமப்பிரியாவுக்கு நிச்சயதார்த்தம். வீட்டிலேயே. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஹவுசிங் போர்டு கட்டிய ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நூறு வயசு சொல்லலாம். தட்டு மாற்றுகிற நேரம் பார்த்து இந்தப் பக்கத்திலிருந்து சாவு மேளம் அடிக்கும். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். எனக்கு முழங்கால் வலி. நான் உட்கார்ந்து கொல்கிறேன்.

ஆகஸ்ட் 5

டவுன்ஹால் ரோட்டில் இஸ்மத் பாயின் ரேடியோ ரிப்பேர் கடை. செல்போனில் எடுத்துப்போன படத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"கண்டன்சர் போச்சு சார். தல வீங்கிருக்கு பாருங்க. வருசக்கணக்கா போடாம வச்சிருந்தீங்களா? உள்ள ஈரம் காஞ்சிரும். அப்புறம் கரன்ட்ட பிடிச்சு வைக்காது. அதான் இரையுது. குடுத்துட்டுப் போங்க, நம்ம பையன் மாத்திருவான்."

"இல்ல பாய். நானேதான் மாத்தணும்."

"வீட்டுல விசேசமா?"

"விசேசம்தான்."

சால்டரிங் அயர்ன், ஈயம், புதுக் கண்டன்சர்கள் எல்லாம் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பழையதில் எத்தனை வோல்ட் போட்டிருக்கிறதோ அதற்குக் குறையக் கூடாதாம். பக்கவாட்டில் கோடு போட்டிருப்பது மைனஸ் காலாம். மாற்றிப் போட்டால் வெடிக்குமாம். நான் என்ன பச்சைப் பிள்ளையா?

ஆகஸ்ட் 6

பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்துதான் உள்ளே கை வைத்தேன். பெரிய கண்டன்சர் பளீரென்று அடித்தது. "அடச் சண்டாளா" என்று நான் கத்திய கத்தலில் ஹேமப்பிரியா ஓடிவந்தாள்.

"என்ன மாமா? விழுந்துட்டீங்களா?"

"ஒண்ணுமில்ல. கரன்ட்டு."

"பிளக்கு வெளிய தான கெடக்கு?"

பாய்க்குப் போன் போட்டேன். "அது தேக்கி வச்சிருக்கும் சார், பிடுங்கினாலும் கெடக்கும். பல்பு வயர ரெண்டு காலுலயும் வச்சு எறக்கிட்டுத் தொடுங்க" என்றார். இதை முன்னாலேயே சொல்வதற்கென்ன?

ஹேமப்பிரியா பல்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நொடி மினுங்கி அணைந்தது. "ஐ" என்று சிரித்தாள். எதற்கு இதையெல்லாம் ரிப்பேர் பண்ணுகிறீர்கள் என்று கேட்டாள். பொழுது போகவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 7

ஈயம் சொட்டி விரலில் கொப்புளம். பரவாயில்லை.

ஆகஸ்ட் 10

வெடித்தது.

தப்பு என் மீதுதான். அதை இந்த நோட்டுக்கு மட்டும் சொல்கிறேன். பத்திரத்தில் எதன் பக்கத்தில் கோடு கிழித்திருக்கிறதோ அதுதான் முக்கியமான வரி. கோடு போட்ட கால்தான் பிளஸ்ஸாக இருக்கும் என்று கை தானாகப் போய்விட்டது. பாய் சொன்னதெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாயிற்று. சுவிட்சைப் போட்டதும் டமார். வீடெல்லாம் அழுகின மீன் நாற்றம், வெள்ளைப் புகை.

கோட்டைச்சாமி கைலியோடு ஓடிவந்தான். "அண்ணே! சிலிண்டரா? வெளிய வாங்கண்ணே!" என் பதிலுக்குக்கூட நிற்காமல் இடுப்பில் கை கொடுத்துத் தரதரவென்று வராந்தாவுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய் மெயினை அணைத்தான். அவன் வீட்டம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"தனியா இருக்குற ஆளு, இந்த வேலையெல்லாம் தேவையாண்ணே? உங்களுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

ஆகிவிட்டால் என்ன? இன்னொரு முறை வந்து சத்தம் போடாமல் சாகச் சொல்வான். தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். இவன் கையால் நான் காப்பாற்றப்பட்டேன் என்று நாளைக்குக் குடியிருப்பு முழுக்கப் பேச்சாகிவிடும். ஒரு கண்டன்சர் வெடித்து எவன் செத்தான்?

ஆகஸ்ட் 14

ஆம்ப்ளிஃபையர் தயாராகும்போது மேளமும் தயாராக இருக்க வேண்டுமே. போனில் தேடினால் என்னென்னமோ வருகிறது. எதிலும் காரம் இல்லை. காலையில் பால் வாங்கப் போனபோது ரேஷன் கடைச் சந்தில் சத்தம் கேட்டது. விசாரித்தால் யாரோ ஒரு பலசரக்குக் கடைக்காரர் இறந்துபோயிருக்கிறார். பால் பாக்கெட்டோடு அங்கேயே போய் நின்றுவிட்டேன். சட்டைப் பையில் போனை வைத்து ரெக்கார்டைத் தட்டிவிட்டேன். அடியென்றால் அடி. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது.

ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, எங்கிருந்து வாரீக? அண்ணனுக்கு ரொம்பப் பழக்கமோ?"

"ஆமாம், பழக்கம்."

"வெயில்ல நிக்காதீக. இங்கிட்டு நாற்காலியில உக்காருங்க. தம்பி, ஐயாவுக்கு டீ குடு."

டீயை வேறு குடித்தேன், வெட்கங்கெட்டவன். உள்ளே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். இறந்தவரின் மகன், மீசை வைத்த ஆள், தெருவில் நின்று "அப்பா அப்பா" என்று வாய்விட்டுக் கதறினான். ஒருவரும் அவனைச் சும்மா இரு என்று சொல்லவில்லை. எதிர் வீட்டில் டிவியைக்கூட அணைத்திருந்தார்கள். கொடுத்துவைத்தவர்கள். மேளம் போதுமான அளவு பதிவான பிறகும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பால் திரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 19

ஹேமப்பிரியா கீரைக் கூட்டு கொண்டுவந்தாள். வந்தவள் உட்கார்ந்துவிட்டாள். முகம் சரியில்லை.

"தேதிய முன்னால தள்ளிட்டாக மாமா. அஞ்சாம் தேதியே வச்சாச்சு. பெரியப்பாவுக்கு ரொம்ப முடியல. அவருக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா ஒரு வருசம் ஒரு நல்லதும் வைக்க முடியாதுல்ல? ஏற்கனவே ரெண்டு எடம் கைகூடி வந்து தட்டிப் போச்சு. இந்த மாப்ள வீட்டு அத்தை அதவிட. சகுனம், சகுனம்னு உசுர வாங்குறாக. பூனை குறுக்க போனாக்கூட வண்டியத் திருப்பிருவாகளாம்."

பெரியப்பா என்றால் கோட்டைச்சாமியின் அண்ணன் சோலைமலை. வாதம் வந்து கை கால் விழுந்து, இரண்டு வருடமாகப் பின்னறையில் படுக்கையாக இருக்கிறார்.

"மாப்பிள்ளைப் பையனை உனக்குப் பிடிச்சிருக்கா?"

தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் பதில். அப்புறம், "மைக் செட்டு, மேளம் எதுவும் வேணாம்னுட்டாரு அப்பா. பெரியப்பாவுக்குச் சத்தம் ஆகாது. சும்மா பத்துப் பேரு வந்து தட்டு மாத்திட்டுப் போறதுதான்" என்றாள்.

மைக் செட் இல்லை. மேளம் இல்லை. கேட்டதும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒரு குண்டூசி விழுந்தால்கூட அந்தப் பக்கம் கேட்கும்.

போகும்போது அங்கயற்கண்ணி படத்தின் முன்னால் நின்றாள். "எங்க அண்ணன் கல்யாணத்தன்னிக்கு, நாங்க பால் பழமெல்லாம் குடுத்து அனுப்புனதுக்கு அப்புறமாத்தான் அத்தைக்கு மாரடைப்பு வந்துச்சுன்னு அப்பா சொன்னாரு. அந்த நேரத்துல நான் ஒரு எட்டு வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் மாமா. கூடத்துல ஆடிட்டு இருந்தேன்."

அதற்கு வெகு முன்பே அவள் போய்விட்டாள் என்பது இவளுக்குத் தெரியாது. கீரை நன்றாகத்தான் இருந்தது.

இந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் தகப்பனை அடிக்க வேண்டுமென்றால் வேறு எங்கே அடிப்பது? அவனுக்கு வலிக்கிற இடம் அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 22

முடித்துவிட்டேன்.

இந்த முறை ஒவ்வொரு காலையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் பற்றவைத்தேன். பாய் சொன்னபடி நூறு வாட் பல்பைக் குறுக்கே கோத்துச் சுவிட்சைப் போட்டேன். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருக்குமாம். பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கியது. இரைச்சல் இல்லை. ஊமை ஸ்பீக்கரும் வாயைத் திறந்துவிட்டது.

பாட்டை நிறுத்திய பிறகு, கெட்டுப்போன இரைச்சல்கூட இல்லாத அந்த அமைதியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் நான் மட்டும் இருப்பது நன்றாகத் தெரிந்தது. அணைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 27

கோட்டைச்சாமி தாம்பூலத்தோடு வந்தான். புருஷனும் பெண்டாட்டியுமாக.

"அண்ணே, நீங்க கட்டாயம் வரணும். மொத ஆளா நிக்கணும்."

"பார்ப்போம்" என்றேன்.

வீட்டம்மா படத்துக்கு முன்னால் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் வெற்றிலைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். "அன்னிக்கு..." என்று ஆரம்பித்தான். அப்புறம், "எங்கண்ணனுக்குப் பேச்சு நின்னு போச்சுண்ணே. அப்பன் ஆத்தா இல்லாத பயன்னு என்னயத் தோளுல தூக்கிக்கிட்டே எளநீ வித்தவரு. கல்யாணம்கூட எனக்காக வேணாம்னுட்டாரு. இதப் பாத்துட்டாவது போகணும்னு உசுரப் பிடிச்சிட்டுக் கெடக்காரு" என்றான்.

அவரவர் வீட்டுச் சாவென்றால் மட்டும் எப்படி உருகுகிறான் பாருங்கள். 'அன்னிக்கு' என்று எடுத்தவன் முடித்திருக்கலாமே. ஒரு வார்த்தை. "தப்புப் பண்ணிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? சொல்லவில்லை. அவன் போனதும் ஸ்பீக்கர் இரண்டையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

செப்டம்பர் 4

திலகா போன் பண்ணினாள். விஷயத்தைச் சொன்னேன்.

"விடாதண்ணே" என்றாள். "சத்தமா வையி. அந்த முந்தானையத் தொவைக்காம இன்னும் வச்சிருக்கேன்."

நாளைக் காலை ஒன்பது மணிக்கு மேல் தட்டு மாற்றுகிறார்கள். மேளம் போனில் இருக்கிறது. வயரைச் சொருகிச் சோதித்துவிட்டேன். சட்டை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை. நான் எங்கேயும் போகப்போவதில்லை.

செப்டம்பர் 5

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அழகுபடுத்த எனக்குத் தெம்பில்லை.

காலையிலேயே குளித்துவிட்டு ஆம்ப்ளிஃபையர் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாய் விரிக்கிற சத்தம், டம்ளர் சத்தம். "மாப்ள வீட்டுக்காரக வந்துட்டாக" என்று ஒரு குரல். சிரிப்பு. யாரோ லக்கினப் பத்திரிகை வாசிக்க ஆரம்பித்தார்கள். கொள்ளுப் பாட்டனிலிருந்து பேர் வாசித்துக்கொண்டு வந்தார்கள். அதை முடித்ததும் தட்டுதான். நான் போனில் சாவு மேளத்தை எடுத்துக் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன். பொய் சொல்லவில்லை.

அப்போது பின்பக்கக் கதவு தட்டப்பட்டது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான பின் வராந்தா அது. திறந்தால் கோட்டைச்சாமி. அதே பட்டு வேட்டி, சந்தனம். உள்ளே வந்தான். கதவைச் சாத்தினான். வாயைக் கையால் பொத்தியிருந்தான். அந்தக் கைக்குப் பின்னாலிருந்துதான் பேச்சு வந்தது.

"அண்ணன் போயிருச்சுண்ணே."

நான் போனை நாற்காலியில் வைத்தேன்.

"தண்ணி குடுக்கப் போனேன். இறங்கல. மூச்சில்ல. யாருக்கும் தெரியாது. கதவப் பூட்டிச் சாவிய இடுப்புல வச்சிருக்கேன். இப்பத் தெரிஞ்சா அந்தம்மா எந்திரிச்சுப் போயிரும். எம்பிள்ள வாழ்க்க போச்சு. பொம்பளைககிட்டகூடச் சொல்லலண்ணே. ஆனா எனக்கு... எனக்கு அடக்க முடியலண்ணே. எங்கிட்டுப் போறதுன்னு தெரியல."

நான் அவனைப் பார்த்தேன். எட்டு மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது இதுதான். கட்டைவிரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை. வாசல் கதவைத் திறந்துவிட்டால் போதும். தெய்வம் நிற்கக்கூட இல்லை, என் வீட்டுப் பின்வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டது.

"அன்னிக்கு என்கிட்ட என்ன சொன்னே?" என்றேன். நீங்க, வாங்க எல்லாம் எங்கோ போய்விட்டது. "சொல்லு. உன் வாயால சொல்லு."

"அழுக வேணாம்னு சொன்னேன்."

"நான் என்ன பண்ணுனேன்?"

"அழுகல."

"இப்ப எதுக்கு இங்க வந்தே? வேற வீடே இல்லையா?"

"என்ன பண்ணுதுன்னு உங்களுக்குத்தானண்ணே தெரியும்" என்றான். சொல்லும்போதே தரையில் உட்கார்ந்துவிட்டான். வேட்டியை வாயில் திணித்துக்கொள்ளப் போனான்.

"திணிக்காத" என்றேன். "எடுடா அத."

மன்னித்துவிட்டேன் என்று எவனும் நினைக்க வேண்டாம். மன்னிக்கவில்லை. ஆனால் ஒருவன் கண் முன்னால் வாயில் துணியைத் திணிப்பதை இன்னொரு தரம் பார்க்க என்னால் ஆகாது. அவ்வளவுதான்.

ஜன்னல்களைச் சாத்தினேன். போனில் சாவு மேளத்தைத் தள்ளிவிட்டுக் கெட்டிமேளம், நாதஸ்வரம் என்று தேடினேன். கண்ணாடி இல்லாமல் எழுத்தே தெரியவில்லை. எப்படியோ ஒன்று கிடைத்தது. ஆம்ப்ளிஃபையரின் குமிழைக் கடைசி வரை திருகினேன். நாதஸ்வரம் சுவரில் போய் மோதியது. பாத்திர அலமாரி கிடுகிடுவென்று ஆடியது. நாள்கணக்கில் கை சுட்டுப் பற்றவைத்த கண்டன்சர் ஒன்றுகூட இரையவில்லை.

"இப்ப அழு" என்று அவன் காதில் கத்தினேன். "எவனுக்கும் கேக்காது. அழு!"

அழுதான். அப்படி ஒரு அழுகை. தரையில் கையால் அடித்து, "அண்ணே, அண்ணே" என்று. அவன் வாயசைவிலிருந்துதான் அது எனக்கே தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல், "பாத்தீகளா, பக்கத்து வீட்டு ஐயா மேளமே வச்சுட்டாரு!" என்றதாம். கை தட்டினார்களாம். அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

கொஞ்சம் ஓய்ந்ததும் எழுப்பி முகம் கழுவ வைத்தேன். துண்டு கொடுத்தேன். அழிந்துபோன சந்தனத்துக்குப் பதிலாக, அங்கயற்கண்ணி படத்துக்கு இடுகிற கிண்ணத்திலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். "சிரிச்ச மாதிரி வச்சுக்க" என்றேன். போனான். தட்டை மாற்றினான். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணுக்கு அப்பா ஆனந்தக் கண்ணீர் விட்டுட்டாரு போல, கண்ணெல்லாம் செவந்திருக்கு" என்று சொன்னாராம்.

நான் குமிழைக் குறைக்கவில்லை. சாப்பாடு, வழியனுப்பல், வேன் கிளம்புவது எல்லாம் அந்தச் சத்தத்தோடே நடந்தது. மறுபடியும் பின்கதவு திறந்தது. கோட்டைச்சாமிதான். என் காதருகே குனிந்து சொன்னான்.

"போயிட்டாகண்ணே. வண்டி திரும்பிருச்சு. வீட்டுல சொல்லப்போறேன். நிறுத்திருங்க."

நிறுத்தத்தான் வேண்டும். செத்த வீட்டுக்குப் பக்கத்தில் நாதஸ்வரம் அடிக்கக் கூடாது. அது எனக்குத் தெரியாததா? கை குமிழ் வரைக்கும் போனது. அதற்கு மேல் போகவில்லை. அவனைத் திரும்பிப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நீ போயி சொல்லு. இது இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும். எனக்கும் வேணும்."

அவன் சுற்றி வந்து என் முகத்தைப் பார்த்தான். வெளியே போய்க் கதவை நன்றாக இழுத்துச் சாத்திவிட்டு, அங்கேயே வராந்தாவில் நின்றுகொண்டான்.